டேட்டா சென்டர்களுக்குப் பசுமை மின்சாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையில் அம்பத்தூர், சிறுசேரி, போரூர் பக்கம் ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. உள்ளே சர்வர்கள். அவற்றுக்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது, அது பசுமை மின்சாரம்தானா, அதற்குப் பணம் போடுவது யார் என்று பலரும் கேட்கிறார்கள். ஐடி கம்பெனியில் மின்கட்டணத்தைக் கவனிப்பவர்கள், காற்றாலை வைத்திருக்கும் மில்காரர்கள், சும்மா தெரிந்துகொள்ள நினைப்பவர்கள் என்று எல்லோருக்குமாகச் சேர்த்து இந்தப் பக்கம். இங்கே வரும் ரூபாய்க் கணக்குகள் புரிதலுக்கான உத்தேசக் கணக்குகள். மின்கட்டண ஆணைகள் அடிக்கடி மாறும் என்பதால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அன்றைய ஆணையை எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு டேட்டா சென்டருக்கு எவ்வளவு மின்சாரம் வேண்டும்?

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கட்டடத்தைச் சதுர அடியில் அளப்பதில்லை, மெகாவாட்டில்தான் அளக்கிறார்கள். "20 மெகாவாட் ஐடி லோடு" என்றால் சர்வர்கள் மட்டும் அவ்வளவு இழுக்கும். அதற்கு மேல் குளிரூட்டும் இயந்திரங்கள், யூபிஎஸ்ஸில் ஏற்படும் இழப்பு, விளக்குகள். மொத்த மின்சாரத்தை சர்வர் மின்சாரத்தால் வகுத்தால் கிடைக்கும் எண்ணைத்தான் பியூஇ என்கிறார்கள். அது 1.5 என்று வைத்துக்கொண்டால் 20 மெகாவாட் ஐடி லோடுக்கு மொத்தம் 30 மெகாவாட். முழு லோடில் ஆண்டு முழுக்க ஓடினால் ஏறத்தாழ 26 கோடி யூனிட். யூனிட் 7 ரூபாய் என்று போட்டாலே 180 கோடி ரூபாய்க்கு மேல் போகிறது, டிமாண்ட் சார்ஜ் (ஒப்பந்த லோடுக்கான மாதக் கட்டணம்) தனி. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் செலவழிக்கும் வீடுகளாக மாற்றிச் சொன்னால் 87,000 வீடுகளின் மின்சாரம்.

உலக அளவில் 2024-ல் டேட்டா சென்டர்கள் சுமார் 41,500 கோடி யூனிட் செலவழித்தன, அதாவது உலக மின் நுகர்வில் ஒன்றரை சதவீதம் என்பது சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்கு. 2030-ல் இது இரண்டு மடங்குக்கும் மேலாகி 94,500 கோடி யூனிட்டைத் தொடும் என்று அந்த முகமை மதிப்பிட்டிருக்கிறது. ஒன்றரை சதவீதம்தானே என்று தோன்றலாம். ஆனால் அது உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கவில்லை, சில ஊர்களில் குவிந்து கிடக்கிறது. சென்னை அப்படி ஓர் ஊர். கடலடிக் கேபிள்கள் கரையேறும் இடம் என்பதால் மும்பைக்கு அடுத்தபடியாக இங்கே டேட்டா சென்டர்கள் சேர்ந்தன. 2021-ல் தமிழ்நாடு அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வெளியிட்டது.

கூரையில் சோலார் போட்டால் போதாதா?

போதாது. ஒரு மெகாவாட் சோலாருக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் சதுர அடி கூரை வேண்டும். டேட்டா சென்டர் கூரையில் பாதி இடத்தைச் சில்லர்கள் என்ற குளிரூட்டும் இயந்திரங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். எப்படியோ இடம் பிடித்து ஒரு மெகாவாட் போட்டுவிட்டாலும் ஆண்டுக்குச் சுமார் 15 லட்சம் யூனிட்தான் கிடைக்கும். தேவை 26 கோடி. அரை சதவீதத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆண்டறிக்கையின் அட்டைப் படத்துக்கு நன்றாக இருக்கும்.

அப்படியானால் பசுமை மின்சாரம் எந்த வழியில் வருகிறது?

கயத்தாறு காற்றாலையிலோ கமுதி சோலார் பண்ணையிலோ உற்பத்தியாகும் மின்சாரம் பொதுவான மின்கட்டமைப்பின் வழியாகத்தான் சிறுசேரிக்கு வர முடியும். கேள்வியெல்லாம் அதை யார் பெயரில், எந்த விதியின் கீழ் கொண்டுவருவது என்பதுதான்.

மின் பகிர்மானக் கழகத்திடமே கூடுதல் கட்டணம் கொடுத்துப் பசுமை மின்சாரம் கேட்கலாம். இது எளிது, ஆனால் செலவு கூடும். மூன்றாம் தரப்பு உற்பத்தியாளரிடம் ஓப்பன் ஆக்சஸ் முறையில், அதாவது பொதுக் கட்டமைப்பை வாடகைக்குப் பயன்படுத்தி நேரடியாக வாங்கலாம். அதில் மின்சாரத்தின் விலை நாலு ரூபாய்க்குள் கிடைத்தாலும் டிரான்ஸ்மிஷன், வீலிங் (உயரழுத்தத் தடத்துக்கும் உள்ளூர்க் கம்பிக்குமான வாடகை), வழியில் ஏற்படும் இழப்பு, கிராஸ் சப்சிடி சர்சார்ஜ் (வீடு, விவசாயத்துக்கான சலுகைச் செலவில் பெரிய நுகர்வோர் சுமந்த பங்கை ஈடுகட்டும் கட்டணம்), அடிஷனல் சர்சார்ஜ் (வெளியே வாங்குவதால் மின்வாரியத்துக்கு வீணாகும் நிலையான செலவுக்கான கட்டணம்) என்று ஒவ்வொன்றாக ஏறி, கடைசியில் மின்வாரியக் கட்டணத்தின் அருகில் வந்து நிற்கும். மூன்றாவது வழி, மின் நிலையத்தில் நீங்களே பங்குதாரர் ஆகிவிடுவது. அதுதான் குரூப் கேப்டிவ். பெரிய டேட்டா சென்டர்கள் அதிகம் விரும்புவது இதைத்தான்.

வெளிமாநிலத்திலிருந்தும் கொண்டுவரலாம். ராஜஸ்தான் வெயிலுக்கு ஈடு கிடையாது. 2025 ஜூன் 30-க்குள் உற்பத்தியைத் தொடங்கிய சோலார், காற்றாலைத் திட்டங்களுக்கு மாநிலங்களுக்கு இடையிலான மின்தடக் கட்டணம் முழுவதும் தள்ளுபடியாக இருந்தது. அதற்குப் பிறகு வரும் திட்டங்களுக்கு ஆண்டுக்கு 25 சதவீதம் என்ற கணக்கில் சலுகை குறைகிறது. அந்தத் தேதிக்குள் முடித்துவிட வேண்டும் என்று நாடெங்கும் திட்டங்கள் முட்டிமோதியதற்கு இதுவே காரணம்.

குரூப் கேப்டிவ் எப்படி வேலை செய்கிறது? 26, 51 என்கிறார்களே?

2003-ம் ஆண்டு மின்சாரச் சட்டம், தன் தேவைக்காகத் தானே மின்சாரம் உற்பத்தி செய்துகொள்பவருக்குக் கிராஸ் சப்சிடி சர்சார்ஜிலிருந்து விலக்குத் தருகிறது. பலர் சேர்ந்து ஒரே மின் நிலையம் வைத்துக்கொண்டாலும் இது பொருந்தும். நிபந்தனைகள் 2005-ம் ஆண்டு விதிகளில் இருக்கின்றன. பயனாளிகள் எல்லோருமாகச் சேர்ந்து குறைந்தது 26 சதவீதப் பங்கு வைத்திருக்க வேண்டும். ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதத்தை அவர்களே பயன்படுத்த வேண்டும். அதிலும் ஒவ்வொருவரும் தன் பங்கின் விகிதத்துக்கு ஏற்பப் பயன்படுத்த வேண்டும், பத்து சதவீதம் முன்பின் இருக்கலாம்.

ஒரு கணக்குப் பார்ப்போம். 50 மெகாவாட் சோலார், மெகாவாட்டுக்கு நாலரைக் கோடி என்றால் மொத்தம் 225 கோடி. இதில் 70 சதவீதம் வங்கிக் கடன் என்றால், மீதி 67.5 கோடி முதல் போட வேண்டும். அதில் 26 சதவீதம் என்றால் 17.5 கோடி. இவ்வளவு போட்டால் யூனிட்டுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேல் சர்சார்ஜ் மிச்சம். 50 மெகாவாட் சோலார் ஆண்டுக்கு எட்டு கோடி யூனிட்டுக்கு மேல் தரும் என்பதால், போட்ட பணம் இரண்டு ஆண்டுக்குள் திரும்பிவிடும்.

நடைமுறையில் 17.5 கோடிகூடப் போடுவதில்லை. திட்டத்தை நடத்தும் கம்பெனி தன் பணத்தின் பெரும் பகுதியைக் கட்டாய மாற்றுக் கடன் பத்திரமாக (பின்னால் கட்டாயம் பங்காக மாற வேண்டிய கடன்) கொண்டுவந்து, வாக்குரிமை உள்ள பங்கு மூலதனத்தைச் சிறியதாக வைத்துக்கொள்ளும். அந்தச் சிறிய தொகையில் 26 சதவீதம் வாடிக்கையாளருக்கு. ஒப்பந்தம் முடிந்ததும் அதே முகமதிப்புக்குப் பங்கைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். சட்டத்தின் எழுத்துக்கு இது சரி. "தன் தேவைக்குத் தானே உற்பத்தி" என்ற நோக்கத்துக்கு எவ்வளவு சரி என்பது வேறு பேச்சு. விகிதாச்சார விதியை ஆண்டுதோறும் கண்டிப்பாகச் சரிபார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023 அக்டோபரில் சொன்னதற்குப் பின்னணியும் இந்த மாதிரி ஏற்பாடுகள்தான்.

இது டேட்டா சென்டர்காரர்கள் கண்டுபிடித்த வழி இல்லை. கோவை, திருப்பூர், திண்டுக்கல் பக்கத்து நூற்பாலைகள் பல வருடங்களுக்கு முன்பே முப்பந்தலிலும் உடுமலையிலும் காற்றாலை நட்டு, அந்த மின்சாரத்தை மில்லுக்குக் கொண்டுவந்தன. வீலிங், பேங்கிங் (மிஞ்சிய மின்சாரத்தைக் கட்டமைப்பில் வரவு வைத்துப் பிறகு எடுப்பது) எல்லாம் அந்த மில்களின் கணக்காளர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். இப்போது அந்தப் பாதையில் சர்வர்கள் வருகின்றன.

புதிய டேட்டா சென்டருக்கு இதில் என்ன சிக்கல்?

பெரிய சிக்கல் ஒன்று உண்டு, அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. மில் என்றால் முதல் நாளிலிருந்தே நூற்கும் கதிர்கள் ஓடும். டேட்டா சென்டர் அப்படி அல்ல. திறக்கும்போது ஒன்றிரண்டு தளங்களில்தான் சர்வர்கள் இருக்கும், நிரம்பச் சில வருடங்கள் ஆகும். முழு லோடை மனத்தில் வைத்து 50 மெகாவாட் சோலாரில் பங்கு வாங்கிவிட்டால், முதல் இரண்டு ஆண்டுகளில் 51 சதவீதத்தைப் பயன்படுத்த ஆள் இருக்காது. ஆண்டு முடிவில் நிபந்தனை தவறினால், அந்த ஆண்டின் முழு மின்சாரமும் சாதாரண விற்பனையாகக் கருதப்பட்டு சர்சார்ஜ் மொத்தமாக வந்து விழும். ஒப்பந்தத்தில் "எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் பணம்" என்ற பிரிவு இருந்தால் அந்த வலியும் சேரும்.

அனுபவம் உள்ளவர்கள், வாடிக்கையாளர் கையெழுத்திட்டு உறுதியான லோடுக்கு மட்டும் முதலில் ஒப்பந்தம் போடுகிறார்கள். பிறகு கட்டம் கட்டமாகச் சேர்த்துக்கொள்கிறார்கள். எனக்கும் இதுதான் சரி என்று படுகிறது. முதல் நாளே "நூறு சதவீதம் பசுமை" என்று அறிவிக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வங்கி எதைப் பார்த்துக் கடன் கொடுக்கிறது?

நிலம், பேனல், காற்றாலை எல்லாம் அடமானத்தில் இருக்கும். ஆனால் வங்கியின் கண் இருப்பது மின் கொள்முதல் ஒப்பந்தத்தின் மேல். பிபிஏ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வயலில் நிற்கும் பேனலைப் பறிமுதல் செய்து வங்கி என்ன செய்யப் போகிறது? பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு மாதாமாதம் பணம் வருமா என்பதுதான் அதன் கவலை.

அதனால் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக் கம்பெனி ஒன்றைத் தொடங்குவார்கள். கடன் அந்தக் கம்பெனியின் பெயரில். வருமானம் ஒரு குறிப்பிட்ட வங்கிக் கணக்குக்கு மட்டும் வரும். அதிலிருந்து பராமரிப்புச் செலவு, வட்டி, அசல், கையிருப்பு நிதி என்ற வரிசையில் போய், மிச்சம் இருந்தால்தான் முதலாளி எடுக்கலாம். கடன் தவணைக்குத் தேவையான தொகையைப்போல் குறைந்தது 1.2 மடங்கு பணம் ஒவ்வோர் ஆண்டும் வர வேண்டும் என்ற அளவில் கேட்பது வழக்கம். உற்பத்திக் கணக்கிலும் வங்கி சராசரியை நம்பாது. "பத்தில் ஒன்பது ஆண்டுகளில் இதற்குக் குறையாது" என்ற அளவை எடுத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் பி90. காற்றாலையில் சராசரிக்கும் பி90-க்கும் இடைவெளி அதிகம். சோலாரில் குறைவு. சோலாருக்குக் கடன் எளிதாகக் கிடைக்க இதுவும் ஒரு காரணம்.

ஒப்பந்தத்தில் எதிர்ப்பக்கம் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து வட்டியும் மாறும். மாநில மின்வாரியம் என்றால் பணம் தாமதமாகும் என்ற பயம் வங்கிக்கு உண்டு. நல்ல தர மதிப்பீடு உள்ள டேட்டா சென்டர், அதன் பின்னால் ஓர் உலகளாவிய கிளவுட் கம்பெனியின் நீண்ட கால வாடகை ஒப்பந்தம் என்றால் முகம் மலர்ந்துவிடும். டிஜிட்டல் துறை பசுமை மின்சாரத்துக்குச் செய்யும் பெரிய உதவி இதுதான் என்பது என் கருத்து. அது மின்சாரம் வாங்குகிறது என்பதைவிட, வங்கி நம்பும் வாங்குபவராக இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

கடன் தருபவர்கள் யார்?

பிஎஃப்சி, ஆர்இசி, பசுமை எரிசக்திக்கென்றே 1987-ல் தொடங்கிய இரேடா ஆகிய அரசு நிதி நிறுவனங்கள், பெரிய வங்கிகள், அப்புறம் வெளிநாட்டு வங்கிகளும் வளர்ச்சி நிதி நிறுவனங்களும். திட்டம் ஓடத் தொடங்கி ஒன்றிரண்டு ஆண்டு ஆனதும், கட்டுமான ஆபத்து தீர்ந்துவிட்டதால், பழைய கடனை அடைத்துக் குறைந்த வட்டியில் புதுக் கடன் எடுப்பதும் வழக்கம்.

டேட்டா சென்டர் கட்டடத்துக்கும் இதே கடன்தானா?

இல்லை, அது தனி. முன்பு அதை ரியல் எஸ்டேட் மாதிரிப் பார்த்தார்கள். 2022 பட்ஜெட்டில் அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபரில் குறைந்தது 5 மெகாவாட் ஐடி லோடு உள்ள டேட்டா சென்டர்களை உள்கட்டமைப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். மின்சேமிப்புத் திட்டங்களும் அதோடு பட்டியலில் இடம் பிடித்தன. இதனால் நீண்ட காலக் கடன் எளிதாயிற்று, வெளிநாட்டுக் கடனுக்கும் வழி அகலமாயிற்று.

சென்னை சம்பந்தப்பட்ட உதாரணம் ஒன்று. சிறுசேரியில் டேட்டா சென்டர் வைத்திருக்கும் அதானிகனெக்ஸ், 2023-ல் சென்னையின் முதல் கட்டம் 17 மெகாவாட், நொய்டா 50 மெகாவாட் இரண்டுக்குமாக 21.3 கோடி டாலர் கடன் எடுத்தது. அடுத்த ஆண்டு எட்டு வெளிநாட்டு வங்கிகளிடம், 144 கோடி டாலர் வரை போகக்கூடிய கடனை ஏற்பாடு செய்தது. இரண்டாவது கடன், நிலைத்தன்மை இலக்கோடு இணைத்த கடன் என்ற வகையைச் சேர்ந்தது.

பசுமைக் கடனும் இலக்கோடு இணைத்த கடனும் ஒன்றா?

இரண்டும் வேறு. பசுமைக் கடனில் பணம் எதற்குச் செலவாகிறது என்பதில் கட்டுப்பாடு உண்டு. சோலார் போட வாங்கினால் சோலாருக்குத்தான் செலவழிக்க வேண்டும். இலக்கோடு இணைத்த கடனைப் பொதுச் செலவுக்கும் பயன்படுத்தலாம். ஆனால் பியூஇ இவ்வளவுக்குக் குறைய வேண்டும், பசுமை மின்சாரப் பங்கு இத்தனை சதவீதம் ஆக வேண்டும் என்று இலக்கு வைத்து, அதைத் தொட்டால் வட்டி கொஞ்சம் குறையும், தவறினால் கொஞ்சம் கூடும்.

அந்தக் "கொஞ்சம்" உண்மையிலேயே கொஞ்சம்தான். பெரும்பாலும் ஒரு சதவீதத்தின் நூறில் சில பங்குகள். எனவே இலக்கு எவ்வளவு கடினமானது என்று பார்க்காமல் கடனின் பெயரை மட்டும் பார்த்து மெச்ச வேண்டாம். எப்படியும் அடையப்போகும் இலக்கை எழுதிவைத்துவிட்டு வட்டிச் சலுகை வாங்குவதும் நடக்கக்கூடியதே.

பசுமைப் பத்திரம் வெளியிட்டால் பணம் மலிவாகக் கிடைக்குமா?

பெரிதாக இல்லை. இந்திய அரசே 2023 ஜனவரி, பிப்ரவரியில் மொத்தம் 16,000 கோடி ரூபாய்க்குப் பசுமைப் பத்திரம் விற்றது. முதல் ஏலத்தில் சாதாரணப் பத்திரத்தைவிட வட்டி 0.05 சதவீத அளவுக்குத்தான் குறைந்தது. பின்னால் வந்த சில ஏலங்களில் அந்தச் சலுகையைக் கொடுக்கவும் முதலீட்டாளர்கள் தயாராக இல்லை. தனியார் கம்பெனிக்குப் பசுமை முத்திரையால் கிடைக்கும் நன்மை வட்டியில் அவ்வளவாக இல்லை. பசுமையில் மட்டுமே பணம் போடுவோம் என்று விதி வைத்திருக்கும் வெளிநாட்டு நிதிகளின் கதவு திறக்கிறதே, அதில் இருக்கிறது.

சரி, இரவில் சூரியன் இல்லையே. சர்வர் தூங்காதே. என்ன செய்கிறார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு கேள்வியைத்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

ஒரு மெகாவாட் லோடு ஆண்டு முழுக்க ஓட 87.6 லட்சம் யூனிட் வேண்டும். சோலார் பண்ணையில் ஒரு மெகாவாட் 17 லட்சம் யூனிட் சொச்சம் தரும். அதாவது ஐந்து மெகாவாட் சோலார் போட்டால் ஆண்டுக் கணக்கு நேராகிவிடும். ஆனால் நண்பகலில் ஐந்து மெகாவாட் அளவுக்கு வந்து கொட்டும், ராத்திரி எட்டு மணிக்குப் பூஜ்யம். காகிதத்தில் நூறு சதவீதம் பசுமை. இரவு முழுக்க ஓடுவது அனல் மின் நிலையங்களின் தயவில்.

தமிழ்நாட்டுக்கு இதில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்கள் வழியாக வரும் காற்று பொழுது சாய்ந்த பிறகும் வீசும். 1986-ல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைகள் இன்று பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டன. சோலாரும் காற்றும் கலந்தால், அந்த ஐந்து மாதமும் நாளின் பெரும்பகுதிக்குச் சொந்த மின்சாரம் கிடைக்கும். டிசம்பர், ஜனவரியில் காற்று படுத்துவிடும்.

இந்த இடைவெளியை இதுவரை அடைத்துவந்தது பேங்கிங். அதிகமாக வரும்போது கட்டமைப்புக்குள் செலுத்தி, தேவைப்படும்போது எடுத்துக்கொள்வது. பழைய காற்றாலைகள் ஓராண்டு முழுக்க இப்படி வரவு வைத்து எடுக்கலாம் என்ற சலுகையோடு வளர்ந்தவை. புதியவர்களுக்கு அந்தத் தாராளம் இல்லை. 2022 ஜூனில் மத்திய அரசு கொண்டுவந்த பசுமை எரிசக்தி ஓப்பன் ஆக்சஸ் விதிகள் பேங்கிங்கை மாதக் கணக்கில்தான் பேசுகின்றன. ஜூலைக் காற்றை ஜனவரிக்கு எடுத்துவைக்கும் காலம் முடிகிறது. மின்வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. மலிவான நேரத்தில் கொடுத்துவிட்டு, விலை உச்சத்தில் இருக்கும்போது அதே யூனிட்டைத் திருப்பிக் கேட்டால் நஷ்டம் யாருக்கு?

ஆக, மிச்சம் இருப்பது சேமிப்பு. பேட்டரி நாலு மணி நேர மாலைத் தேவையைச் சமாளிக்கும். போட்ட மின்சாரத்தில் 85 சதவீதம் அளவுக்குத் திரும்பக் கிடைக்கும். தண்ணீரை மேலே ஏற்றி இறக்கும் நீரேற்று மின் நிலையம் இன்னும் நீண்ட நேரம் தாங்கும். கோவை மாவட்டம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980-களிலிருந்து இதைச் செய்துகொண்டிருக்கிறது. ஆந்திராவின் பின்னாபுரத்தில் கிரீன்கோ நிறுவனம் 1,680 மெகாவாட் அளவில் தனியார் நிலையம் எழுப்பியிருக்கிறது. தொழிற்சாலைகளுக்கும் டேட்டா சென்டர்களுக்கும் சேமிப்பைச் சேவையாகவே விற்கும் யோசனை அங்கிருந்துதான் வலுப்பெறுகிறது.

விலை? 2020-ல் மத்திய அரசின் சூரிய மின் கழகமான செகி நடத்திய, இருபத்துநான்கு மணி நேரப் பசுமை மின்சாரத்துக்கான ஏலத்தில் ரீநியூ நிறுவனம் 400 மெகாவாட்டை முதல் ஆண்டு யூனிட் 2.90 ரூபாய்க்குத் தருவதாக எடுத்தது. அதற்காகக் காற்றும் சோலாருமாகச் சேர்த்துக் கட்டவேண்டி வந்தது 1,300 மெகாவாட். அப்போதும் ஆண்டுக்கு 80 சதவீத நேரக் கிடைப்புக்குத்தான் உறுதி. மீதி 20 சதவீதத்தை விடாப்பிடியாகப் பசுமையாக்குவதுதான் மிகவும் செலவு பிடிக்கும் வேலை.

"நூறு சதவீதம் பசுமை" என்று விளம்பரம் செய்கிறார்களே, நம்பலாமா?

பொய் என்று சொல்ல மாட்டேன். எந்தக் கணக்கில் என்று கேட்பேன். பெரும்பாலும் அது ஆண்டுக் கணக்கு. கூகுள் 2017-லிருந்து தன் ஆண்டு மின்தேவைக்கு ஈடான பசுமை மின்சாரத்தை வாங்கிவருகிறது. அது போதாது என்று அந்த நிறுவனமே உணர்ந்துதான், ஒவ்வொரு மணி நேரமும் கரிமம் இல்லாத மின்சாரம் என்ற இலக்கை 2030-க்கு வைத்தது. முன்னதோடு ஒப்பிட்டால் பின்னது பல மடங்கு கடினம்.

சான்றிதழ் வாங்குவது இன்னும் எளிய வழி. இந்தியாவில் ஒரு ஆர்இசி (புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ்; கடன் தரும் ஆர்இசி நிறுவனம் வேறு) என்பது ஆயிரம் யூனிட் பசுமை மின்சாரத்துக்குச் சமம். 2011 முதல் மின் சந்தையில் விற்பனையாகிறது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் காற்றாலையின் சான்றிதழை வாங்கினால் புதிதாக ஒரு இறக்கைகூடச் சுற்றாது. எனவே புதுத் திட்டமா பழையதா, மணிக்கணக்கில் எத்தனை சதவீதம் ஒத்துப்போகிறது, மின்சாரம் அதே மாநிலக் கட்டமைப்பில் வருகிறதா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்காத கம்பெனியின் விளம்பரத்தை நம்பலாம்.

டேட்டா சென்டரில் வாடகைக்கு இடம் எடுத்திருப்பவர்கள் ஒன்று கூடுதலாகக் கவனிக்க வேண்டும். உயரழுத்த இணைப்பு கட்டடக்காரர் பெயரில் இருக்கும், கேப்டிவ் பங்கும் அவருடையதே. ஒரே பசுமை யூனிட்டை அவரும் தன் அறிக்கையில் காட்டி, நீங்களும் உங்கள் அறிக்கையில் காட்டாமல் இருக்க, உங்கள் பங்குக்கு எத்தனை யூனிட் ஒதுக்கினார் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

டீசல் ஜெனரேட்டர் போய்விடுமா?

இப்போதைக்குப் போகாது. மின்சாரம் நின்றால் யூபிஎஸ் பேட்டரி சில நிமிடம் தாங்கும், அதற்குள் ஜெனரேட்டர் எழுந்துவிட வேண்டும். வாடிக்கையாளர்களின் ஒப்பந்தமே அதைக் கேட்கிறது. ஆண்டில் அது ஓடும் நேரம் குறைவு என்பதால் மொத்தக் கரிமக் கணக்கில் அதன் பங்கு சிறியது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்குப் புகையும் சத்தமும் சிறியவை அல்ல.

எல்லாவற்றையும்விட மலிவான முதலீடு எது?

குளிரூட்டல். மேலே சொன்ன 20 மெகாவாட் உதாரணத்தில் பியூஇயை 1.5-லிருந்து 1.4-க்குக் கொண்டுவந்தால் இரண்டு மெகாவாட் மிச்சம், ஆண்டுக்கு ஒன்றே முக்கால் கோடி யூனிட். பத்து மெகாவாட் சோலார் போட்டதற்குச் சமம், அதுவும் இரவு பகலாக. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்காமல் தடுப்பது, சர்வர் அறையை 20 டிகிரிக்குப் பதில் 25-ல் வைப்பது போன்றவற்றுக்குச் செலவு அதிகம் இல்லை. ஆனால் வங்கி இதற்குக் கடன் தரத் தயங்கும். சேமித்த யூனிட்டை அடமானம் வைக்க முடியாதே. கம்பெனி சொந்தப் பணத்தில்தான் செய்ய வேண்டும், ரிப்பன் வெட்டவும் இதில் ஒன்றும் இல்லை. அதனாலேயே தள்ளிப்போகிறது.

சென்னையில் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விக்கும் முறை மின்சாரத்தை மிச்சப்படுத்தும், தண்ணீரைக் குடிக்கும். 2019 கோடையில் ஏரிகள் வற்றிய ஊர் இது. கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்களில் கழிவுநீரை மூன்றாம் கட்டம் வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குக் கொடுக்கிறார்கள். டேட்டா சென்டர்களும் அந்த மாதிரித் தண்ணீரை நம்பிக் கட்டுவதே நியாயம்.

பணம் இருந்தும் திட்டம் தாமதமாவது ஏன்?

மின்தடமும் சப்ஸ்டேஷனும். சோலார் பண்ணையை ஒன்றரை ஆண்டுக்குள் எழுப்பிவிடலாம். அதிலிருந்து மின்சாரத்தை வெளியே எடுக்கும் உயரழுத்தத் தடத்துக்குக் கோபுரம் நட ஒவ்வொரு வயலாக அனுமதி வாங்க வேண்டும். தடம் நெரிசலாக இருந்தால், ஓடும் திட்டத்தையும் உற்பத்தியைக் குறைக்கச் சொல்வார்கள். தமிழ்நாட்டு சோலார் உற்பத்தியாளர்கள் இதை எதிர்த்து மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் வரை போய், 2021-ல் இழப்பீட்டுக்கு வழி வாங்கினார்கள்.

டேட்டா சென்டர் பக்கத்திலும் இதே நெருக்கடி வரலாம். அயர்லாந்தில் 2023-ல் நாட்டின் மின் நுகர்வில் 21 சதவீதத்தை டேட்டா சென்டர்களே எடுத்துக்கொண்டன. டப்ளின் பகுதியில் புதிய இணைப்புகளுக்குக் கிட்டத்தட்டக் கதவையே சாத்தினார்கள். சிங்கப்பூரும் 2019-லிருந்து சில ஆண்டுகள் புதிய டேட்டா சென்டர்களை நிறுத்திவைத்தது.

பெரிய நுகர்வோர் கேப்டிவ் வழியில் மின்வாரியத்தை விட்டு விலகிப் போனால் நம் வீட்டு மின்கட்டணம் கூடுமா?

கூட வாய்ப்புண்டு. வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம், விவசாயத்துக்கு இலவச மின்சாரம். இந்தச் செலவில் ஒரு பகுதியை அரசு மானியமும், இன்னொரு பகுதியைத் தொழிற்சாலைகள் கட்டும் கூடுதல் கட்டணமும் சுமக்கின்றன. நன்றாகக் கட்டணம் கட்டுபவர் கேப்டிவ் வழியில் வெளியேறினால் சுமை மற்றவர்கள் மேல் சாயும். கேப்டிவை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கட்டமைப்பைக் காப்புக்காகப் பயன்படுத்துபவர் அதன் உண்மையான செலவைக் கட்ட வேண்டும், அவ்வளவே.

செல்போன் டவர்களும் டிஜிட்டல் துறைதானே?

ஆமாம், அங்கே கதை தலைகீழ். ஒவ்வொரு டவருக்கும் தேவை சில கிலோவாட்தான், ஆனால் லட்சக்கணக்கான இடங்கள். 2012-லேயே தொலைத்தொடர்புத் துறை, 2015-க்குள் கிராமப்புற டவர்களில் பாதியும் நகர்ப்புற டவர்களில் 20 சதவீதமும் கலப்பு மின்சாரத்தில் (கட்டமைப்பு மின்சாரமும் பசுமை மின்சாரமும் சேர்ந்தது) ஓட வேண்டும் என்று உத்தரவிட்டது. நடைமுறையில் டீசலைக் குறைத்தது சோலாரைவிட, கிராமங்களில் மின்வெட்டு குறைந்ததும், லித்தியம் பேட்டரியும், ஏசி அறை தேவைப்படாத வெளிப்புறக் கருவிகளும்தான். நிதி ஏற்பாட்டில் டவர் கம்பெனி பேனல் வாங்குவதைவிட, ஒரு எரிசக்திச் சேவை நிறுவனம் தன் செலவில் போட்டு மாதக் கட்டணம் வாங்கும் முறை பொருத்தமாக இருக்கிறது.

எங்களுடையது சிறிய ஐடி நிறுவனம். எங்களுக்கு வழி உண்டா?

உண்டு. முன்பு ஒரு மெகாவாட்டுக்கு மேல் ஒப்பந்த லோடு இருந்தால்தான் ஓப்பன் ஆக்சஸ். 2022 விதிகள் பசுமை மின்சாரத்துக்கு அதை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. நடுத்தர அலுவலகக் கட்டடமே அதைத் தொட்டுவிடும். ஆனால் மீட்டர் மாற்றுவது, நாளை எவ்வளவு மின்சாரம் என்று முன்கூட்டியே அட்டவணை கொடுப்பது எல்லாம் சேரும்போது 100 கிலோவாட்டுக்கு லாபம் நிற்குமா என்று தனியாகக் கணக்குப் போட வேண்டும். பலர் சேரும் குரூப் கேப்டிவில் நுழைவது பெரும்பாலும் மேல்.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் எதைக் கட்டாயம் படிக்க வேண்டும்?

விலையை எல்லோரும் படிக்கிறார்கள். "சட்ட மாற்றம்" என்ற பிரிவைப் படியுங்கள். பேங்கிங் விதியோ வீலிங் கட்டணமோ சர்சார்ஜோ மாறினால் கூடுதல் செலவு யார் தலையில் என்று அங்கேதான் எழுதியிருக்கும். பல ஒப்பந்தங்களில் அது முழுக்க வாங்குபவர் தலையில்தான் இருக்கிறது. அடுத்து, பாதியில் வெளியேறினால் எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை வருட வாரியாகப் பாருங்கள். முதல் ஐந்து ஆண்டுகளில் அந்தத் தொகை கிட்டத்தட்ட மீதிக் கடன் அளவுக்கு இருக்கும். உற்பத்தி குறைந்தால் உங்களுக்கு இழப்பீடு உண்டா, அது ஆண்டுக் கணக்கிலா மாதக் கணக்கிலா என்பதையும் விட்டுவிடாதீர்கள். மாதக் கணக்கில் கேளுங்கள். ஆண்டுக் கணக்கு என்றால் ஜூலைக் காற்று ஜனவரியின் குறையை மறைத்துவிடும், உங்கள் ஜனவரி மின்கட்டணம் மறையாது.